ஐந்தாவது மைலில் நின்றுவிடும் கார்

அம்பத்தூரிலிருந்து பூந்தமல்லிக்குப் போவதை யாரும் பயணம் என்று சொல்வதில்லை. ஆவடி வழியாகப் பதினொரு மைல்தான். காசி, ராமேசுவரம் என்று போய்வந்தவர்கள் எழுதுகிற இந்தப் பயணக் கட்டுரைப் பக்கத்தில் பூந்தமல்லிக்குப் போனதை எழுத வந்துவிட்டாளே என்று நீங்கள் சிரிக்கலாம். சிரித்துவிட்டுப் படியுங்கள். எங்கள் பக்கத்து ஊர்களில் இப்போது ஏழெட்டுப் பேர் மோட்டார் வைத்திருக்கிறார்கள். அவர்களுக்கும் ஒருநாள் நோயாளிக் காரை ஓட்டிக்கொண்டு வைத்தியம் தேடிப் போகவேண்டி வரும். அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

நான் அம்பத்தூரில் டாக்டர் தொழில் செய்கிறவள். பெரும்பாலும் பிரசவம். சுற்றுவட்டாரத்துக் கிராமங்களுக்கு மாட்டு வண்டியில் போய்ப் போய் முதுகு ஒடிந்த பிறகு, யாரோ ஓட்டிக் களைத்த ஓர் அமெரிக்கக் காரை விலைக்கு வாங்கினேன். அதை ஓட்டுவதற்கு இந்த வருஷம் முனுசாமி வந்து சேர்ந்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், பக்திமான். ஆயுத பூஜையன்று காரைக் கழுவி, மாலை போட்டு, முன் கண்ணாடிக்குக் கீழே நட்டநடுவில் உள்ளங்கை அகலத்துக்குச் சந்தனம் அப்பிக் குங்குமம் வைத்தார். பூஜையோடு விடவில்லை. வெள்ளிக்கிழமைதோறும் பழைய பொட்டின்மேல் புதுப் பொட்டு வைத்துவந்தார். கிராமத்தில் என் பெயர் தெரியாதவர்களுக்குக்கூட 'பொட்டு வச்ச காரு' தெரியும்.

ஐப்பசி பிறந்ததும் கோளாறு ஆரம்பித்தது. கார் நன்றாகத்தான் கிளம்பும். போகும், போகும், இரண்டு தடவை இருமும், நின்றுவிடும். கால்மணி நேரம் காத்திருந்தால் ஒன்றுமே நடக்காதது போல மறுபடி புறப்படும். முதலில் பதினைந்து மைலுக்கு ஒரு தடவை நின்றது. பிறகு பத்து மைல் ஆயிற்று. கடைசியில் ஐந்தாவது மைல் வந்தாலே நான் இறங்கத் தயாராகப் பையைத் தோளில் மாட்டிக்கொள்ள ஆரம்பித்துவிட்டேன். முனுசாமியைத் திட்டாத நாள் இல்லை. அவர் அடுத்த வெள்ளிக்கிழமை இன்னும் கொஞ்சம் பெரிய பொட்டாக வைப்பார்.

பட்டணத்தில் பெரிய மோட்டார் ஷெட் ஒன்றுக்குக் கொண்டுபோனோம். பெயர் வேண்டாம். சூடானதும் நின்றுவிடுகிறது, ஆறினால் ஓடுகிறது என்று நான் சொன்னேன். அங்கிருந்த பெரியவர் என்ஜினை ஓடவிட்டுக் காது கொடுத்துக் கேட்டார். உதட்டைப் பிதுக்கினார். சூட்டில் உள்ளே இறுகுகிறது, என்ஜினை முழுக்க இறக்கிக் குடைந்து புது பிஸ்டன் போடவேண்டும், சாமான் பம்பாயிலிருந்து வரவேண்டும் என்றார். மூன்று வாரம் ஆகும். நானூற்றிருபது ரூபாய். சனிக்கிழமைக்குள் சொன்னால் ஆர்டர் எழுதிவிடலாம். அதுவரை காரை எங்கும் எடுக்காதீர்கள், ஒருநாள் இறுக்கிப் பிடித்துக்கொண்டால் பிறகு என்ஜினை இரும்பு விலைக்குத்தான் போடவேண்டும் என்றும் சொன்னார்.

பணத்தைப் புரட்டியிருக்கலாம். மூன்று வாரத்தைத்தான் என்னால் புரட்ட முடியவில்லை. குத்தம்பாக்கத்தில் வள்ளியம்மாள் என்று ஒரு பெண், விவசாயி ஏகாம்பரத்தின் மனைவி. அவளுக்கு அந்த மூன்று வாரத்துக்குள்தான் நாள். போன தடவை அவளுக்குக் குழந்தை கால் முதலில் வந்தது. ஏகாம்பரம் வண்டி கட்டிக்கொண்டு அம்பத்தூர் வந்து, அதே வண்டியில் நான் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அந்தக் குழந்தையை நான்தான் துணியில் சுற்றிக் கொடுத்தேன். இந்தத் தடவை பட்டணத்து ஆஸ்பத்திரிக்குப் போய்ப் படு என்று தலைபாடாக அடித்துக்கொண்டேன். அந்த வீட்டில் யாரும் கேட்கவில்லை. சரி, நான் காரில் வருகிறேன் என்றேன். அவள் தாய்வீடு கார் போகமுடியாத ஊர். என் கார் வரும் என்ற ஒரே காரணத்துக்காக, பிரசவத்துக்குத் தாய்வீடு போகாமல் புகுந்த வீட்டிலேயே தங்கிவிட்டாள். பெண்கள் அதை எவ்வளவு கனமான முடிவாக நினைப்பார்கள் என்று உங்களுக்குத் தெரியும்.

ஆகவே இன்னொருவரிடம் காட்டிவிடுவது என்று தீர்மானித்தேன். என் நோயாளி என்னிடம் காட்டிவிட்டு வேறு டாக்டரிடம் போனால் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். இப்போது அதே காரியத்துக்கு நானே புறப்பட்டேன். பூந்தமல்லியில் காதர் பாய் என்று ஒருவர் பஸ்களுக்கெல்லாம் ரிப்பேர் பார்க்கிறார், பெரிய கை என்று ஒரு பஸ் கண்டக்டரின் மனைவி பிரசவ வலிக்கு நடுவே எனக்குச் சொல்லியிருந்தாள். எடுக்காதீர்கள் என்று சொன்ன காரை எடுத்துக்கொண்டுதான் அங்கே போயாக வேண்டும். வேறு வழி இல்லை.

வியாழக்கிழமை காலை எட்டு மணிக்குக் கிளம்பினோம். வானம் மூடிக்கொண்டிருந்தது. மருந்துப் பையை எப்போதும்போல் மடியில் வைத்துக்கொண்டேன். சூடாகிவிடக் கூடாதென்று முனுசாமி மாட்டு வண்டி வேகத்தில் ஓட்டினார். திருமுல்லைவாயில் தாண்டும் வரை நான் சாலையைப் பார்க்கவில்லை, என்ஜின் சத்தத்தையே கேட்டுக்கொண்டு வந்தேன். அண்ணனூர் தாண்டி, ஆவடி ஸ்டேஷன் கூரை கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் கார் இருமியது. இன்னொரு தடவை இருமியது. நின்றது.

போச்சு, இறுகிவிட்டது என்று நினைத்தேன். முனுசாமி எப்போதும் செய்வதைச் செய்தார். முன்மூடியைத் தூக்கி என்ஜினுக்குக் காற்று காட்டினார். ரேடியேட்டரில் தண்ணீர் பார்த்தார். பெட்ரோல் தொட்டியைத் திறந்து குச்சியை விட்டு அளவு பார்த்தார். பிறகு தூரமாகப் போய் ஒரு பீடி. பீடி முடிந்ததும் வந்து முன்னால் ஹாண்டில் போட்டுச் சுற்றினார். இரண்டாவது சுற்றிலேயே கிளம்பிவிட்டது. அப்போது வந்த நிம்மதியை எழுதினால் நம்பமாட்டீர்கள், எனக்கு அழுகை வந்தது.

ஆவடி ஸ்டேஷன் எதிரே காப்பி கிளப் ஒன்று இருக்கிறது. காப்பி முக்கால் அணா, சுமாராக இருக்கும். இட்லி தீர்ந்துவிடுவதற்குள் போகவேண்டும். அங்கிருந்து தெற்கே திரும்பினால் பூந்தமல்லிச் சாலை. பருத்திப்பட்டு ஏரிக்கரை வரை நல்ல ரோடு. அதற்கப்பால் கூவம் ஆற்றில் தரைப்பாலம். நாங்கள் போன அன்று பாலத்தின்மேல் ஒரு சாண் தண்ணீர் ஓடியது. வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு தலைச்சுமையோடு ஆட்கள் கடந்துகொண்டிருந்தார்கள். முனுசாமி இறங்கி நடந்து ஆழம் பார்த்துவிட்டு வந்தார். ஆற்று நடுவில் பெட்ரோல் தீர்ந்தால் கதி என்ன என்று மறுபடியும் குச்சி விட்டுப் பார்த்தார். சாமி பெயரைச் சொல்லிக்கொண்டு ஓட்டினார். நானும் சொன்னேன். அக்கரை சேர்ந்தோம். பத்து மணிக்குப் பூந்தமல்லி.

காதர் பாயின் ஷெட் கடைத்தெருவுக்குக் கிழக்கே இருக்கிறது. தகரக் கூரை, உள்ளே எலும்புக்கூடாக ஒரு பஸ். பாய் ஆறடி உயரம், சில்க் ஜிப்பா, கையில் கடியாரம். கூலிக்கு ஆள் வைத்திருக்கிறவர் என்று பார்த்தாலே தெரியும். பட்டணத்து ஷெட்டில் என்ன சொன்னார்கள் என்று நான் ஆரம்பித்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"அவரு இன்னா சொன்னாருன்னு சொல்லாதீங்கோ டாக்டரம்மா. சொன்னா, என் கண்ணும் அத்தையே தேடிக்கினு இருக்கும். வண்டி இன்னா பண்ணுது, அத்த மட்டும் சொல்லுங்கோ."

எனக்குச் சுருக்கென்றது. ஆனால் மனுஷர் சொல்வது நியாயம். போகும், இருமும், நிற்கும், பிறகு கிளம்பும் என்றேன். பாய் ஒரு மணி நேரம் பார்த்தார். ஹாண்டிலைத் தன் கையாலேயே மெல்லச் சுற்றி, என்ஜின் கையை எதிர்த்துத் தள்ளுகிறதா என்று பார்த்தார். நன்றாகத் தள்ளுகிறது, உள்ளே தேய்மானம் இல்லை என்றார். எதற்கும் இருக்கட்டும் என்று பெட்ரோல் அளவு பார்த்துக்கொண்டு, தாமே ஓட்டிப் பார்க்கப் போனார். குமணன்சாவடி வரை போனார், வந்தார். மறுபடி போனார், வந்தார். கார் ஒரு தும்மல்கூடப் போடவில்லை. டாக்டர் வீட்டு வாசலில் வந்ததும் வலி நின்றுபோகிற நோயாளிகளை எனக்குத் தெரியும். அன்று அந்தக் காரை அடிக்கலாமா என்று வந்தது.

மணி பன்னிரண்டரை. பாய் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து எதிரே நின்றார்.

"எனக்கு இதுல நோவு தெரியல. ஆனா நோவு இல்லன்னும் சொல்லமாட்டேன். அது என் முன்னால நின்னாத்தான் சொல்வேன்."

இதற்கா பதினொரு மைல் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தேன் என்று கேட்டுவிட்டேன். பாய் கோபித்துக்கொள்ளவில்லை. தெரியாததைத் தெரியும் என்று சொன்னால் உங்களுக்கு நானூறு, எனக்குப் பாவம் என்றார். அவருக்குத் தொகை எப்படித் தெரிந்தது என்று திரும்பிப் பார்த்தேன். முனுசாமி வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமை பட்டணத்துக்குச் சரி என்று சொல்லிவிடவேண்டியதுதான் என்று மனம் தளர்ந்து உட்கார்ந்திருந்தபோது, தெருவில் ஒரு சைக்கிள் சறுக்கி நின்றது. மழைச் சேறு முழங்கால் வரை. ஏகாம்பரம். குத்தம்பாக்கத்திலிருந்து அம்பத்தூருக்கு என்னைத் தேடிப் புறப்பட்டவர், ஷெட் வாசலில் காரின் பொட்டைப் பார்த்துவிட்டு நின்றிருக்கிறார். விடியற்காலையிலிருந்து வலி. ஊர் மருத்துவச்சி தொட்டுப் பார்த்துவிட்டு, இந்தத் தடவையும் தலை மேலேதான் இருக்கிறது என்று சொல்லிவிட்டாள்.

"போன தபா மாதிரியே கீதாம்மா" என்றார்.

பூந்தமல்லியிலிருந்து குத்தம்பாக்கம் ஆறு மைல். ஜட்கா வண்டி பிடித்தால் அந்தச் சேற்றில் இரண்டு மணி நேரம் ஆகும். கார் ஓடினால் அரைமணி. ஓடினால். நான் பாயைப் பார்த்தேன், பாய் காரைப் பார்த்தார். நானும் வருகிறேன், நடுவில் நின்றால் அங்கேயே பார்த்துவிடலாம் என்று சாமான் பையைத் தூக்கிக்கொண்டார். வழியில் பெட்ரோல் என்று ஒரு பேச்சே வரக்கூடாது என்று தகர டின்னிலிருந்து தொட்டி நிறைய ஊற்றி, மூடியைத் தம் பெரிய கையால் இறுக்கித் திருகினார். ஏகாம்பரம் சைக்கிளை ஷெட்டில் சாத்திவிட்டுப் பின்னால் ஏறினார். மழை பிடித்துக்கொண்டது.

திருமழிசை வரை மூன்று மைல் நன்றாகப் போனோம். எனக்குக்கூட நம்பிக்கை வந்தது. அதைத் தாண்டி ஒரு மைல்கூட இராது, இரண்டு பக்கமும் வயல், கண்ணுக்கெட்டிய தூரம் ஒரு வீடு இல்லை. கார் இருமியது. ஐந்தாவது மைல்கூட வரவில்லை.

நின்றுவிட்டது.

கால்மணி காத்திருந்தோம். முன்மூடியைத் திறந்துவிட்டு, மழையில் என்ஜின்மேல் கோணியைப் பிடித்துக்கொண்டு முனுசாமி நின்றார். பாய் ஹாண்டில் போட்டார். உயிர் இல்லை. இன்னொரு கால்மணி. பாய் என்ஜின்மேல் கையை வைத்து, "ஜில்லுனு கீது" என்றார். ஆறினால் கிளம்பும் என்றுதானே இத்தனை நாளாக நம்பியிருந்தோம். ஆறிவிட்டது, கிளம்பவில்லை. பட்டணத்துப் பெரியவர் சொன்னதுபோல உள்ளே பிடித்துக்கொண்டதோ என்றால் அதுவும் இல்லை, ஹாண்டில் சுலபமாகச் சுற்றுகிறது. ஏகாம்பரம் யாரிடமும் சொல்லாமல் இறங்கி ஊரை நோக்கி ஓட ஆரம்பித்தார், வண்டி கட்டிக்கொண்டு வர. போன தடவை மாட்டு வண்டியில் அந்த முதுகைத்தான் பார்த்துக்கொண்டே போனேன். எனக்குப் பயமாக இருந்தது. இதை மறைத்து எழுத எனக்கு இஷ்டமில்லை. போன வருஷத்துத் துணி மூட்டை என் கையில் இன்னும் கனப்பது போல இருந்தது. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, நானும் நடக்கிறேன் என்று இறங்கினேன்.

பாய் அப்போதுதான் முனுசாமியிடம் திரும்பினார். வண்டி நின்றால் ஒவ்வொரு தடவையும் என்னென்ன செய்வாய், ஒன்றுகூட விடாமல் சொல் என்றார்.

"பானட்ட தூக்குவேன் பாய். தண்ணி பாப்பேன். குச்சி உட்டு பெட்ரோல் பாப்பேன். அப்பால ஒரு பீடி."

"இன்னிக்கு இதுல இன்னாத்த செய்யல நைனா?"

முனுசாமி யோசித்தார். பீடி நனைந்துபோயிற்று என்றார். குச்சியும் விடவில்லை, தொட்டிதான் நிரம்பியிருக்கிறதே, மழையில் திறந்தால் தண்ணீர் இறங்கிவிடுமே என்றார். நிரம்பிய தொட்டியில் குச்சி விட்டு என்ன பார்ப்பது என்று பாயும் தலையை ஆட்டினார்.

நான் நடக்கத் திரும்பியவள் நின்றேன். நோயாளிக்கு நாலு மருந்து கொடுத்துப் பிழைத்துக்கொண்டால், எது பிழைக்க வைத்தது என்று நமக்குத் தெரியாது. அடுத்த தடவை நாலையும்தான் கொடுக்கவேண்டும். இரண்டை நிறுத்திவிட்டு, ஏன் பிழைக்கவில்லை என்று நாம் நிற்கிறோம். எனக்கு வந்த கோபத்தில் கத்திவிட்டேன். குடையை நான் பிடிக்கிறேன், அந்தக் குச்சியை விட்டுத் தொலையுங்கள் என்றேன். பீடியும் பிடிக்கவா என்பதுபோல முனுசாமி பார்த்தார். பெட்ரோல் திறந்திருக்கும்போது வேண்டாம் என்று நானும் பாயும் ஒரே குரலில் சொன்னோம்.

காரின் முன்பக்கம் நட்டநடுவில் சந்தனப் பொட்டு இருக்கிறது என்றேனே, அந்தப் பொட்டு இருந்த இடம்தான் பெட்ரோல் தொட்டியின் மூடி. அந்த மாதிரிக் காரில் தொட்டி என்ஜினுக்கும் கண்ணாடிக்கும் நடுவில் இருக்கும், மூடி வெளியே வட்டமாகத் தெரியும். நான் குடையைச் சாய்த்துப் பிடித்தேன். முனுசாமி மூடியைத் திருகினார். வரவில்லை. இரண்டு கையாலும் பிடித்துத் திருகினார்.

உஸ்ஸ் என்று ஒரு சத்தம். நீளமாக, மூச்சை உள்ளே இழுப்பது போல. மழைச் சத்தத்திலும் மூன்று பேருக்கும் கேட்டது.

பாய் மூடியை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். மேல்பக்கத்தை நகத்தால் சுரண்டினார். மஞ்சளும் சிவப்புமாகப் பொருக்கு உதிர்ந்தது. ஒரு வெள்ளிக்கிழமைச் சந்தனத்தின்மேல் இன்னொரு வெள்ளிக்கிழமைச் சந்தனம், காரையாக இறுகிப் போயிருந்தது. அதற்கு அடியில் கடுகு அளவுக்கு ஓர் ஓட்டை, அடைத்துக்கொண்டு.

எண்ணெய் டின்னில் ஒரு ஓட்டை போட்டுக் கவிழ்த்தால் எண்ணெய் வராது. எதிர்ப்பக்கம் இன்னொரு ஓட்டை போட்டால்தான் காற்று உள்ளே போய் எண்ணெய் வெளியே வரும். இது சமையற்கட்டில் நிற்கிற எல்லோருக்கும் தெரியும். காரின் தொட்டியிலும் பெட்ரோல் இறங்க இறங்க அந்த ஓட்டை வழியாகத்தான் காற்று போகவேண்டும். அது அடைத்துவிட்டால் கொஞ்ச தூரம் வரை இறங்கும், பிறகு இறங்காது. ஒவ்வொரு தடவையும் முனுசாமி அளவு பார்க்கத் திறந்தபோது காற்று புகுந்தது, கார் ஓடியது. நாங்கள் என்ஜின் ஆறியது என்று நினைத்தோம். பீடியைக்கூட நான் சந்தேகப்பட்டிருக்கிறேன்.

என் கொண்டை ஊசியை வாங்கிப் பாய் ஓட்டையைக் குத்தித் திறந்தார். ஊதிப் பார்த்தார். மூடியை மூடி ஹாண்டில் போட்டார். இரண்டாவது சுற்றுக்கு வேலையே இல்லை, முதல் சுற்றிலேயே என்ஜின் கிளம்பிவிட்டது.

முனுசாமி ஸ்டியரிங்குக்கு முன்னால் உட்கார்ந்தார். முகத்தில் வழிந்தது மழையா வேறா என்று தெரியவில்லை.

"உங்குளுக்கு வழியில ஒண்ணும் ஆவக்கூடாதுன்னுதாம்மா வெச்சேன்" என்றார்.

ஒரு மாதத்துத் திட்டில் என்னிடம் இன்னும் பாக்கி இருந்தது. ஓட்டுங்கள் என்று மட்டும் சொன்னேன். வழியில் ஓடிக்கொண்டிருந்த ஏகாம்பரத்தை ஏற்றிக்கொண்டோம். ஊருக்குள் கார் போகமுடிந்த கடைசி இடம் வரை போய், அப்புறம் சேற்றில் இறங்கி ஓடினேன்.

வள்ளியம்மாள் என்னைப் பார்த்து, "வந்துட்டீங்களா" என்று கேட்டாள். அவ்வளவுதான் கேட்டாள். கால் வந்துவிட்டிருந்தது. உள்ளே நடந்ததைப் பயணக் கட்டுரையில் எழுதக்கூடாது, எழுதவும் மாட்டேன். கையும் தலையும் வெளியே வருவதற்குள் என் மூச்சு நின்றுவிட்டது என்று மட்டும் சொல்கிறேன். குழந்தை நீலமாக இருந்தது. அழவில்லை. வாயைத் துடைத்து, தலைகீழாகப் பிடித்து, முதுகில் தட்டினேன். மறுபடி தட்டினேன். மருத்துவச்சி கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு அது மூச்சை இழுத்தது. சற்று முன் சாலையில் கேட்ட அதே மாதிரிச் சத்தம். அழ ஆரம்பித்த குழந்தை நான் கிளம்பும் வரை நிறுத்தவில்லை. பெண் குழந்தை.

நான் கையைக் கழுவிக்கொண்டு வெளியே வந்தபோது மழை விட்டிருந்தது. இன்னும் விளக்கு வைக்கவில்லை. அங்கே நடந்த ஒன்றைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன்னால், இந்த வழியில் போகிறவர்களுக்குச் சில யோசனைகள்.

ஐப்பசி, கார்த்திகையில் ஆவடி வழியாகப் போகிறவர்கள் கூவம் தரைப்பாலத்தில் தண்ணீர் எவ்வளவு என்று ஆவடியிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். பூந்தமல்லியிலிருந்து வருகிற வண்டிக்காரர்கள் சரியாகச் சொல்வார்கள், சக்கரத்தின் ஈரத்தைப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். திருமழிசைக்கு அப்பால் பெட்ரோல் கிடையாது. கோணி ஒன்று, குடை ஒன்று, கொண்டை ஊசி ஒன்று கூட இருக்கட்டும். பூந்தமல்லியில் சாப்பாட்டுக்குக் கவலை இல்லை, மத்தியானம் ஒரு மணிக்கு முன்னால் போய்விடுங்கள். காதர் பாய் கூலி மூன்று ரூபாய் வாங்கினார். மழையில் நனைந்ததற்கு எட்டணா தனியாகக் கேட்டார். கொடுத்தேன்.

பட்டணத்து ஷெட்டின்மேல் எனக்கு வருத்தம் இல்லை. சூடானதும் நிற்கிறது என்று நான் சொன்னேன், சூட்டுக்கு உரிய வைத்தியத்தை அவர் சொன்னார். மறுநாள் வெள்ளிக்கிழமையே, என்ஜினை இறக்க வேண்டாம் என்று அவருக்குக் கார்டு போட்டுவிட்டேன். ஆகையால் காரைக் காட்டப் போகிறவர்கள் அது என்ன செய்கிறது என்பதைச் சொல்லுங்கள், ஏன் செய்கிறது என்பதை ரிப்பேர் பார்க்கிறவருக்கு விட்டுவிடுங்கள். இரண்டாவது ஆளிடம் போகும்போது முதல் ஆள் சொன்னதைக் கொஞ்ச நேரம் உங்கள் வாய்க்குள்ளேயே வைத்திருங்கள். என் நோயாளிகளுக்கும் இதைச் சொல்ல ஆரம்பித்திருக்கிறேன். அவர்கள் வேறு டாக்டரிடம் போனால் இன்னும் கோபம் வரத்தான் செய்கிறது, முன்னளவுக்கு இல்லை.

இனி அந்த மாலை நடந்தது.

நான் வெளியே வந்தபோது கார் பக்கத்தில் ஊரே கூடியிருந்தது. பாய் யாரோ கொடுத்த சொம்பிலிருந்து பால் குடித்துக்கொண்டிருந்தார். முனுசாமி காரைத் துடைத்துக்கொண்டிருந்தார். மூடி பளபளவென்று வெறுமையாக இருந்தது. அதைப் பார்க்க எனக்கே என்னவோ போலிருந்தது. அப்போது வள்ளியம்மாளின் மாமியார் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். ஒரு கையில் கிண்ணம் நிறைய அரைத்த சந்தனம், இன்னொரு கையில் குங்குமம். போன வருஷம் இதே அம்மாள் என்னோடு ஒரு வார்த்தை பேசாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றவர். இப்போது நேரே காரிடம் போனார். பொட்டில்லாத இடத்தைப் பார்த்து, அட, அழிஞ்சுபோச்சே என்று சந்தனத்தை விரல் நிறைய அள்ளினார்.

என்னால் தடுக்க முடியவில்லை. அந்த அம்மாளிடம் அன்றைக்கு எதையும் வேண்டாம் என்று சொல்கிற துணிவு எனக்கு இல்லை. பாய் சொம்பை இறக்கிவிட்டு என்னைப் பார்த்தார்.

முனுசாமி துணியைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து, காருக்கும் அந்த அம்மாளுக்கும் நடுவில் நின்றார். இடுப்பு வரை குனிந்தார்.

"அங்க வோணாம் ஆத்தா. இங்க வெய்யி" என்று தம் நெற்றியைக் காட்டினார்.

அந்த அம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு காருக்காக அள்ளிய சந்தனம் அத்தனையையும் அவர் நெற்றியில் ஒரு காதிலிருந்து மறு காது வரை பூசி, நடுவில் குங்குமம் வைத்து, இரண்டு கையாலும் அவர் முகத்தைத் தடவி நெட்டி முறித்தார். முனுசாமி அதைத் துடைக்கவில்லை. பூந்தமல்லியில் பாயை இறக்கிவிட்டு, இருட்டுவதற்குள் தரைப்பாலத்தைத் தாண்டி, அந்தப் பொட்டோடேயே பதினேழு மைல் அம்பத்தூர் வரை ஓட்டிக்கொண்டு வந்தார். ஐந்தாவது மைலில் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். கார் எங்கும் நிற்கவில்லை.